மூக்குப்பட்டை (குதிரை)

மூக்குப்பட்டை என்பது குதிரையின் மூக்கெலும்பின் மேலாகச் சென்று, தாடையின் கீழே பக்கிள் கொண்டு பூட்டப்படும் தோல் பட்டை ஆகும். இது கடிவாளத்தின் ஓர் உறுப்பு. காதுகளுக்குப் பின்னால் செல்லும் தலைவார், நெற்றிப்பட்டை, கன்னவார்கள், வாயினுள் இருக்கும் கடிவாள இரும்பு, ஓட்டுபவர் கையில் பிடிக்கும் வார் (பேச்சு வழக்கில் லகான்) ஆகியவை கடிவாளத்தின் ஏனைய உறுப்புகள். மூக்குப்பட்டை இல்லாவிடினும் கடிவாளம் இயங்கும். ஆயினும் கைக்கு அடங்காத மட்டக்குதிரையை வைத்திருப்போர் முதலில் மாற்ற எண்ணுவது பெரும்பாலும் இதனையே.

மூக்குப்பட்டை வண்டியின் பிரேக் போன்றது என்ற கருத்து பரவலாக உள்ளது. அது சரியன்று. பெரும்பாலான மூக்குப்பட்டைகள் குதிரையை நிறுத்துவதில்லை. கடிவாள இரும்பிலிருந்து தப்பிக்கக் குதிரை வாயைத் திறப்பதை மட்டுமே அவை தடுக்கின்றன. எனவே குதிரை எவ்வளவு முரடானது என்பதைக் கொண்டு பட்டையைத் தேர்ந்தெடுக்க இயலாது. அது எவ்வாறு தப்பிக்கிறது என்பதைக் கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூக்கணாங்கயிறும் மூக்குப்பட்டையும்

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு மாட்டின் மூக்கணாங்கயிறு நன்கு அறிமுகமானது. இரண்டும் மூக்கைச் சார்ந்தவை என்பதால் ஒன்றெனக் கருதப்படுவதுண்டு. செயற்படும் விதத்தில் இவை முற்றிலும் வேறானவை.

காளையின் இரு மூக்குத் துளைகளுக்கும் இடையேயுள்ள தடுப்பில் துளையிட்டு மூக்கணாங்கயிறு கோக்கப்படுகிறது. அவ்விடம் மிகுந்த உணர்ச்சி உடையது. கயிற்றை இழுத்தால் ஏற்படும் வலியே காளையைத் திருப்புகிறது. மாட்டின் வாயில் இரும்பு கிடையாது. குதிரைக்கோ மூக்கில் துளையிடும் வழக்கம் இல்லை. அதன் வாயில் இரும்பும், வாய்க்கு வெளியே பட்டையும் உள்ளன. கட்டளை இரும்பின் வழியே செல்கிறது. பட்டை அதற்குத் துணை மட்டுமே. மாட்டு வண்டி ஓட்டிப் பழகியவர் குதிரைக்கு மாறும்போது, மூக்கில் இறுக்கினால் அடங்கும் என்று எண்ணுவது இந்த வேறுபாட்டை அறியாமையால்தான்.

சண்டிக்குதிரையும் முரட்டுக்குதிரையும்

தமிழில் அடங்காத குதிரையைக் குறிக்கப் பொதுவாகச் சண்டிக்குதிரை என்ற சொல்லே வழங்குகிறது. உண்மையில் சண்டித்தனம் என்பது நகர மறுத்தல். அடித்தாலும் அதட்டினாலும் நின்ற இடத்திலேயே நிற்கும் குதிரையே சண்டிக்குதிரை. அதற்கு எந்த மூக்குப்பட்டையாலும் பயனில்லை. வாரை இழுத்தும் நிற்காமல், கழுத்தை நீட்டி, கடிவாளத்தைக் கவ்விக்கொண்டு ஓடுவது இதற்கு நேர்மாறான குணம். இக்கட்டுரை கூறுவது இந்த இரண்டாம் வகையைப் பற்றியே. இதனை முரட்டுக்குதிரை எனலாம்.

பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிகளின்படி, இலாடமின்றி 148 செ.மீ. உயரத்தைத் தாண்டாதது மட்டக்குதிரை. தோளின் மேட்டிலிருந்து தரை வரை இவ்வுயரம் அளக்கப்படுகிறது. உயரம் குறைவு என்பதற்காக வலிமை குறைவு என்று கொள்ளக் கூடாது. குட்டையான தடித்த கழுத்தும் தாழ்ந்த உடலும் கொண்ட மட்டக்குதிரை தலையைத் தாழ்த்தி இழுத்தால், வளர்ந்தவர்களாலும் எளிதில் தடுக்க முடியாது. அதன்மீது பெரும்பாலும் ஏற்றப்படுவது சிறுவர்கள் என்பதே இதிலுள்ள சிக்கல்.

கீரமங்கலம் வட்டாரத்தில் குதிரை

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தைச் சேர்ந்த கீரமங்கலம், பூ வணிகத்துக்கும் தென்னைக்கும் பெயர் பெற்ற பேரூராட்சி ஆகும். இங்கு உழவுக்கும் பாரத்துக்கும் பயன்பட்டவை மாடுகளே. எனினும் குதிரை இவ்வட்டாரத்துக்கு அயலானதன்று. அருகிலுள்ள குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் சுமார் 33 அடி உயரமுள்ளதாகக் கூறப்படும் குதிரைச் சிலை உள்ளது. மாசிமகத் திருவிழாவில் மக்கள் இதற்குப் பெரிய காகிதப்பூ மாலைகளை அணிவிக்கின்றனர். மாவட்டத்தின் மற்ற அய்யனார் கோயில்களிலும், குறிப்பாக நமணசமுத்திரத்தில், சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். இவ்வகை மண்குதிரைகளைச் செய்யும் வேளார்கள் முகத்தில் கடிவாளப் பட்டைகளையும் மணிகளையும் களிமண்ணாலேயே உருவாக்கி ஒட்டுகின்றனர். இதே மாவட்டத்திலுள்ள ஆவுடையார்கோயில், நரிகள் பரிகளான கதையோடும் மாணிக்கவாசகரோடும் தொடர்புடைய திருப்பெருந்துறை ஆகும்.

உயிருள்ள குதிரைகளை இன்று பெரிதும் காணக்கூடிய இடம் பந்தயச் சாலையே. புதுக்கோட்டை, சிவகங்கை உள்ளிட்ட மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களையும் பொங்கலையும் ஒட்டி மாட்டு வண்டி எல்லைப் பந்தயங்களுடன் குதிரை வண்டிப் பந்தயங்களும் நடத்தப்படுகின்றன. குதிரைகள் உயரத்துக்கு ஏற்பப் பெரிய குதிரை, சிறிய குதிரை என்று பிரிக்கப்படுகின்றன. போய்வரும் தொலைவு இன்றும் பெரும்பாலும் மைல் கணக்கிலேயே அறிவிக்கப்படுகிறது. தார்ச்சாலையில், இருபுறமும் மக்கள் கூட்டம் நிற்க, முன்னும் பின்னும் வண்டிகள் ஓடும்போது குதிரையை நேராகச் செலுத்துவதும், எல்லையில் திருப்புவதும், முடிவில் நிறுத்துவதும் சாரதியின் கையிலுள்ள வாரைப் பொறுத்தவை. அடங்காத குதிரையால் குதிரைக்கு மட்டுமன்றிச் சாலையோரம் நிற்பவர்க்கும் ஆபத்து உண்டு.

குதிரையைப் பேணும் அறிவின் குறை தமிழகத்தில் பழைய செய்தியே. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெரும் பொருட்செலவில் கடல்வழியே கொண்டுவரப்பட்ட குதிரைகள் முறையான பராமரிப்பின்றி இறந்ததைக் குறிப்பிட்டுள்ளார்.

முகத்தின் அமைப்பு

மூக்குப்பட்டையைச் சரியாகப் பூட்டக் குதிரை முகத்தின் சில பகுதிகளை அறிதல் வேண்டும்.

கண்ணுக்குக் கீழிருந்து முகத்தின் பக்கவாட்டில் ஓர் எலும்பு மேடு இறங்கி வருகிறது. அதைத் தொட்டு உணரலாம். முகத்தின் முன்புறத்தில் மூக்கெலும்பு மேலே அகன்றும் தடித்தும், கீழே செல்லச் செல்ல மெலிந்தும் இருக்கும். அதன் முனைக்குக் கீழே எலும்பு இல்லை. குருத்தெலும்பும் மென்தசையுமே உள்ளன. குதிரையால் வாய் வழியே மூச்சுவிட இயலாது. மூக்கு ஒன்றே அதற்கு வழி. ஆகவே பட்டை மென்பகுதியில் இறங்கினால் ஓடும் குதிரைக்கு மூச்சு தடைப்படும். மூச்சுக்குத் திணறும் குதிரை தலையை உதறும், மிரண்டு மேலும் வேகமாக ஓடவும் கூடும். அடக்குவதற்காகப் போட்ட பட்டையே ஓட்டத்துக்குக் காரணமாகிவிடுகிறது.

வாயினுள் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஈறு உள்ளது. கடிவாள இரும்பு தங்குவது இங்குதான். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்புகள் தேய்மானத்தால் கத்தி போலக் கூர்மையாவது இயல்பு. பட்டையை இறுக்கும்போது கன்னத்தின் உட்சதை இக்கூர்விளிம்பில் அழுந்திப் புண்ணாகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரிவதில்லை.

வகைகள்

எளிய பட்டை: ஆங்கிலத்தில் கேவசன் எனப்படுவது. முக எலும்பு மேட்டுக்குச் சுமார் இரண்டு விரற்கடை கீழே, கடிவாள இரும்புக்கு மேலே அமையும். வாயை ஓரளவுக்கு மட்டுமே மூடி வைக்கும். தலையைத் தூக்கி எறியும் குதிரைக்கு நெஞ்சுவாரிலிருந்து ஒரு வாரை இழுத்துக் கட்ட வேண்டுமாயின், அதை இப்பட்டையில் மட்டுமே கட்டலாம்.

தாழ்பட்டை: டிராப் எனப்படுவது. முன்பகுதி மூக்கெலும்பின் மேலும், பின்பகுதி கடிவாள இரும்புக்குக் கீழே தாடைக்குழியிலும் அமையும். வாயைத் திறந்து தப்பிக்கும் குதிரைக்கு இது நன்கு பயன்படும். இதன் முன்பகுதி மூக்குத் துளைகளுக்கு நான்கு விரற்கடையேனும் மேலே இருத்தல் வேண்டும். மட்டக்குதிரையின் முகம் குட்டையானது. பெரிய குதிரைக்குச் செய்த தாழ்பட்டையைத் துளை போட்டுச் சுருக்கிப் பூட்டினால் முன்பகுதி அகலமாகவே இருந்து மென்பகுதியில் தொங்கும். வாங்குவோர் அடிக்கடி தவறுவது இந்த இடத்தில்தான்.

ஃபிளாஷ்: எளிய பட்டையின் நடுவிலிருந்து இரண்டாவது மெல்லிய வார் ஒன்று இறங்கி, இரும்புக்குக் கீழே பூட்டப்படும். கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது இது. மேற்பட்டை தளர்ந்திருந்தால் கீழ்வார் அதை மூக்கை நோக்கி இழுத்துவிடும். அதைத் தவிர்க்க மேற்பட்டையை இறுக்குவர். முடிவில் இரண்டும் அளவுக்கு மீறி இறுகிவிடும். மிகக் குட்டையான முகத்துக்கு இது ஏற்றதன்று.

எட்டு வடிவப் பட்டை: இரு வார்கள் மூக்கெலும்பின் மேல் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து, ஒன்று இரும்புக்கு மேலும் மற்றொன்று கீழும் பூட்டப்படும். இதன் பெயர் கிராக்கிள். 1931ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் வென்ற குதிரையின் பெயரே பட்டைக்கும் அமைந்தது. கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் கோணும் குதிரைக்கு உரியது. வார்கள் குறுக்கிடும் இடத்தில் மென்மையான ஆட்டுத்தோல் அட்டை வைக்கப்படுகிறது. மூக்குத் துளைகளைவிட்டு விலகியே நிற்பதால் வேகமாக ஓடும் குதிரைகளுக்கு இதைப் பலர் விரும்புகின்றனர்.

கைனடன்: மேற்கூறியவற்றிலிருந்து முற்றும் மாறுபட்டது. வாயை இது மூடுவதே இல்லை. கடிவாள இரும்பின் இருபுறமும் வளைந்த உலோகக் கொக்கிகள் இருக்கும். வாரை இழுக்கும்போது இழுவையின் ஒரு பகுதி இக்கொக்கிகள் வழியே மூக்கெலும்புக்குச் செல்லும். இழுத்தால் மூக்கில் உறைக்கும் என்ற வகையில் மூக்கணாங்கயிற்றுக்கு நெருங்கிய உறவு இதுவே எனலாம். வாயை மூடிக்கொண்டே இழுக்கும் குதிரைக்கு இது பயன்படும். கடுமையானது. பழகாத கையில், குறிப்பாகச் சிறுவர் கையில் கொடுக்கத் தக்கதன்று.

கிராங்க்: பட்டையின் முனை ஒரு வளையத்தில் நுழைந்து திரும்பி வந்து பூட்டப்படுவதால், கப்பி போல இருமடங்கு விசையுடன் இறுக்க இயலும். அகலமான பஞ்சுவைத்த பட்டையாக இருப்பதால் பார்வைக்கு மென்மையாகத் தோன்றும். இறுக்கம் கைக்குத் தெரியாது என்பதே இதன் குறை.

தேர்ந்தெடுத்தல்

பட்டையை மாற்றுமுன் குதிரை ஏன் இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது வாய். கூர்மையான பல்விளிம்பு, கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் முளைக்கும் சிறு ஓநாய்ப்பல், நாக்குப் புண், இரும்பு உராய்ந்த வாயோரக் காயம் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் குதிரை வலியிலிருந்து ஓடுகிறது என்று பொருள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கால்நடை மருத்துவர் பற்களைப் பார்த்து அரம் கொண்டு தேய்த்தல் நல்லது. அடுத்தது இரும்பின் அளவு. வாயைவிடக் குறுகிய இரும்பு ஓரங்களைக் கிள்ளும். மிக அகன்றது பக்கவாட்டில் நழுவும். முதுகில் சேணம் அழுத்துதல், தோளில் பூட்டுவார் உராய்தல் ஆகியவையும் ஓட்டத்துக்குக் காரணமாகும்.

தீனியையும் கணக்கில் கொள்ள வேண்டும். பந்தயம் நெருங்குகிறது என்று கொள்ளும் தானியமும் கூட்டிக் கொடுத்து, வேலை கொடுக்காமல் கொட்டடியில் கட்டி வைத்த குதிரை வெளியே வந்ததும் பாய்வதில் வியப்பில்லை. அதற்குத் தேவைப்படுவது பட்டையன்று, நாள்தோறும் நடை.

இவை யாவும் சரியாக இருந்தும் குதிரை இழுக்குமாயின், ஒருவர் ஓட்ட மற்றொருவர் தரையில் நின்று குதிரையின் முகத்தைக் கவனிக்க வேண்டும். ஓட்டுபவருக்கு முகம் தெரியாது என்பதால் இந்த இரண்டாம் ஆள் இன்றியமையாதவர். வாயை அகலத் திறந்தால் தாழ்பட்டை போதும். தாடையைக் கோணினால் எட்டு வடிவப் பட்டை. நாக்கை இரும்புக்கு மேலே தூக்கிப் போட்டால் முதலில் இரும்பு மிகத் தாழ்வாகத் தொங்குகிறதா என்று பார்த்து ஒரு துளை ஏற்றிப் பூட்ட வேண்டும். பல வேளைகளில் அதுவே தீர்வாகிவிடும். தலையை மேலே தூக்கினால் இரும்பின் செயலே மாறிவிடுவதால், வாயை மூடுவது பயனற்றது. வாயை மூடிக்கொண்டு, கழுத்தை இறுக்கி, தலையைத் தாழ்த்தி இழுக்கும் குதிரைக்கும் அப்படியே. ஏற்கனவே மூடியிருக்கும் வாயை எந்தப் பட்டையால் மேலும் மூட முடியும்? இத்தகைய குதிரைக்கு இரும்பை மாற்றுவது, தேர்ந்த ஓட்டுநரிடம் கொடுத்து மீண்டும் பழக்குவது, அல்லது கவனத்துடன் கைனடனைப் பயன்படுத்துவது ஆகியவையே வழிகள்.

ஓட்டுபவரின் கையும் ஒரு காரணம். வாரை இடைவிடாமல் இழுத்துப் பிடித்தால் குதிரை அதன்மீது சாய்ந்துகொள்ளப் பழகிவிடும். இழுத்து, குதிரை சற்றுத் தணிந்த கணமே தளர்த்தினால்தான் தணிந்ததற்குப் பலன் உண்டு என்று அது கற்கும். ஒரே நேரத்தில் பட்டையையும் இரும்பையும் மாற்றினால் எதனால் பயன் விளைந்தது என்று அறிய இயலாது. ஒன்றை மாற்றிச் சில நாட்கள் பார்ப்பது முறை.

இறுக்கம்

எந்த வகைப் பட்டையாயினும் அதன் பயனும் கேடும் இறுக்கத்தைப் பொறுத்தவை. மூக்கெலும்புக்கும் பட்டைக்கும் இடையே இரண்டு விரல்கள் நுழைய வேண்டும் என்பது பழைய விதி. விரல்களை முகத்தின் முன்புற நடுவில் நுழைத்துப் பார்க்க வேண்டும். கன்னப்பக்கம் சதை அமுங்குவதால் அங்கே இடம் இருப்பது போலத் தோன்றும்.

விதி பழையதாயினும் பின்பற்றப்படுவது அரிது. அயர்லாந்து, இங்கிலாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் 750 போட்டிக் குதிரைகளை அளந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், இரண்டு விரல் இடைவெளி இருந்தவை 7 விழுக்காடு மட்டுமே. 44 விழுக்காட்டுக் குதிரைகளில் சிறிதும் இடைவெளி இல்லை. ஆத்திரேலியாவில் 12 குதிரைகளைக் கொண்டு நடத்தி 2016இல் வெளியான மற்றோர் ஆய்வில், பட்டையை இடைவெளியின்றி இறுக்கியபோது இதயத்துடிப்பும் கண்ணின் வெப்பநிலையும் உயர்ந்தன. மெல்லுதல் நின்றது. பட்டையைக் கழற்றியபின் குதிரைகள் வழக்கத்தைவிட மிகுதியாகக் கொட்டாவி விட்டன, விழுங்கின, நக்கின. அடங்கி நின்ற குதிரை அமைதியாக இல்லை என்பதை இவை காட்டுகின்றன.

விரல் ஆளுக்கு ஆள் வேறுபடும். பத்து வயதுச் சிறுமியின் இரு விரலும் குதிரைக்காரரின் இரு விரலும் ஒன்றல்ல. இதனால் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025 மே முதல் தன் போட்டிகளில் அளவுக்கருவி ஒன்றை நடைமுறைப்படுத்தியுள்ளது. இக்கருவி மூக்கின் நடுவில் பட்டைக்கும் எலும்புக்கும் இடையே 1.5 செ.மீ. இடைவெளி உள்ளதா என்று காட்டும். கருவி இல்லாத இடத்தில் 1.5 செ.மீ. தடிமனுள்ள மழுங்கிய மரத்துண்டு ஒன்றைச் சீவி வைத்துக்கொண்டால் வீட்டளவில் சரிபார்க்கப் போதுமானது.

பொருளையும் கவனிக்க வேண்டும். வியர்வை உலர்ந்து விறைத்த தோல், பட்டையை ஒரு துளை இறுக்கியதற்கு ஈடாக உராயும். பயன்படுத்தியபின் ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தி எண்ணெய் தடவ வேண்டும். தோலுக்குப் பதிலாக நைலான் கயிற்றைக் கட்டுவது தவிர்க்கத்தக்கது. அது தோலை அறுக்கும்.

வண்டிக் குதிரையில்

வண்டிக் குதிரையின் மூக்குப்பட்டைக்கு மற்றொரு வேலையும் உண்டு. பின்னால் வரும் வண்டியைக் கண்டு குதிரை மிரளாதிருக்கக் கண்களின் இருபுறமும் மறைப்புகள் கன்னவாரில் பொருத்தப்படுகின்றன. வாரை இழுக்கும்போது கன்னவார் வெளிப்புறமாக வளைந்தால் மறைப்பு விலகி, குதிரை பின்னால் சுழலும் சக்கரத்தைக் காணும். கன்னவாரை முகத்தோடு சேர்த்துப் பிடித்து வைப்பது மூக்குப்பட்டையே. வண்டிக் குதிரை திடீரெனப் பாய்வதற்கு இந்த விலகல் காரணமாக இருக்கலாம். ஆகவே ஏறி ஓட்டும் குதிரைக்குப் பட்டையைக் கழற்றிப் பார்க்கலாம் எனினும், மறைப்பிட்ட வண்டிக் குதிரைக்கு அவ்வாறு செய்தல் ஆபத்தானது.

சட்டம்

இந்தியாவில் விலங்குகளைத் தேவையற்ற வலிக்கு உள்ளாக்குவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். இச்சட்டத்தின் கீழ் 1965இல் இயற்றப்பட்ட இழுவை, பொதி விலங்குகளுக்கான விதிகளுள் 8ஆம் விதி, முள்ளோ குமிழோ துருத்தலோ உள்ள கடிவாள இரும்பு, பூட்டுவார், நுகத்தடி, முட்கோல் ஆகியவற்றையும், சிராய்ப்பு, வெட்டு, வீக்கம், கடும் வலி ஆகியவற்றை உண்டாக்கும் பிற கூரிய கருவிகளையும் தடை செய்கிறது. பட்டையின் உட்புறம் ஆணியோ சங்கிலியோ வைத்துத் தைப்பதும் இத்தடைக்குள் அடங்கும். முள் வைத்த கடிவாள இரும்புகள் வட இந்திய நகரங்களில் இதன் அடிப்படையிலேயே பறிமுதல் செய்யப்பட்டுள்ளன. மூக்குப்பட்டையின் இறுக்கத்துக்கென அளவு எதனையும் இவ்விதிகள் குறிப்பிடவில்லை.